மோபானி மரத்துப் பட்டு அந்துப்பூச்சி: இனங்காண்பது முதல் விவரித்து எழுதுவது வரை முழுமையான வழிகாட்டி

வறட்சிக் காலத்தில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் வயிறு உப்பிச் சாவதுண்டு. அறுத்துப் பார்த்தால் அசைபோடும் இரைப்பைக்குள் நார் திரண்ட கட்டி ஒன்று கிடக்கும். அது பட்டு. புல் காய்ந்துபோன நாட்களில் மரக்கிளைகளில் எட்டியதையெல்லாம் மாடு மேய்கிறது. கிளையில் ஒட்டியிருக்கும் பூச்சிக் கூடுகளும் வாய்க்குள் போய்விடுகின்றன. பசை கரைந்துபோக, செரிக்காத இழை மட்டும் உள்ளே சிக்கிக்கொள்கிறது.

அந்தக் கூட்டைக் கட்டுவது கோனோமெட்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சி. கலஹாரிப் பாலைவனத்திலும் அதைச் சுற்றியுள்ள வறண்ட காடுகளிலும் இதில் இரண்டு இனங்கள் பட்டுக்குப் பெயர்போனவை. வேலமர வகைகளில் வளரும் கோனோமெட்டா போஸ்டிகாவைப் பற்றி ஓரளவு ஆய்வுகள் வந்திருக்கின்றன. கென்யாவில் முவிங்கி பகுதிக் காடுகளிலும் அது ஆராயப்பட்டது. மோபானி மரத்தில் வளரும் கோனோமெட்டா ருஃபோபுருனியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. போட்ஸ்வானாவின் வடகிழக்கு, ஜிம்பாப்வேயின் தெற்கு, தென்னாப்பிரிக்காவின் வடகோடி என்று மோபானிக் காடு பரந்திருக்கும் இடங்களில் அது வாழ்கிறது. ஆனாலும் பட்டு வியாபாரத்துக்கு வெளியே அதன் பெயரைக் கேட்டவர்கள் குறைவு.

இந்தப் பூச்சியை முன்வைத்து, அதிகம் அறியப்படாத ஓர் ஆப்பிரிக்கப் பட்டு அந்துப்பூச்சியை எப்படி அடையாளம் காண்பது, கையில் இருப்பது பெயரில்லாத இனம் என்று தெரிந்தால் எப்படி விவரித்து வெளியிடுவது என்பதைச் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிறகைப் பார்த்துத் தொடங்காதீர்கள். மரத்தில் தொடங்கி, கூட்டுக்கு வந்து, சிறகைக் கடைசியில் பாருங்கள். பழுப்பு நிறத்தில் கொழுத்த உடம்போடு இருக்கும் அந்துப்பூச்சிகள் ஆப்பிரிக்காவில் கணக்கில்லாமல் உண்டு. சிறகின் நிறம் உங்களைச் சுற்றிச் சுற்றி அலையவிடும்.

படி 1: அனுமதி

ஆப்பிரிக்க நாடுகளில் பூச்சி பிடிப்பது பொழுதுபோக்கு என்று நினைத்து இறங்கினால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். உயிரின வளங்களைப் பயன்படுத்துவதற்கான நகோயா ஒப்பந்தம் 2010இல் உருவாகி 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் 2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. சேகரிக்க ஓர் அனுமதி, ஏற்றுமதிக்கு இன்னொன்று, மரபணு ஆய்வுக்குச் சில இடங்களில் மூன்றாவது என்று தனித்தனியாகக் கேட்பார்கள். பட்டு வணிகப் பொருள் என்பதால் "இதில் லாப நோக்கம் உண்டா?" என்ற கேள்வியும் நிச்சயம் வரும். உள்ளூர் அருங்காட்சியகம் அல்லது பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பிப்பதே நடைமுறையில் ஓடும் வழி. அனுமதி எண்ணைக் குறித்து வையுங்கள். கட்டுரை எழுதும்போது அதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

படி 2: மரத்தைப் பெயர் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்

மோபானியை ஒருமுறை பார்த்தால் மறக்காது. நம் மந்தாரை இலையை நடுவில் அடிவரை பிளந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு காம்பில் இரண்டு சிற்றிலைகள் ஒட்டி நிற்கும். கடும் வெயிலில் அவை இரண்டும் ஒன்றையொன்று நோக்கி மடங்கிக்கொள்வதால் மரத்தடியில் நிழலே கிடைக்காது. கசக்கி முகர்ந்தால் கற்பூரத் தைலம் போன்ற நெடி வரும். தாவரவியல் உறவுமுறையில் இது புளியமரத்தின் பங்காளி. இரண்டும் அவரைக் குடும்பத்தின் ஒரே துணைக்குடும்பத்தில் வருகின்றன.

வேலமரங்களில்தான் சிக்கல். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டுக்குப் பிறகு அக்கேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போய்விட்டது. ஆப்பிரிக்க மரங்கள் வச்செல்லியா, செனகலியா என்று இரண்டாகப் பிரிந்தன. நம் கருவேலமும் இப்போது வச்செல்லியாதான். பழைய அருங்காட்சியக லேபிளில் "அக்கேசியா ஜிராஃபே" என்று இருந்தால் அது இன்றைய வச்செல்லியா எரியோலோபா, அதாவது கலஹாரியின் ஒட்டகமுள் மரம். அடுத்த பெட்டியில் "அக்கேசியா எரியோலோபா" என்று இருந்தால் அதுவும் அதே மரம். இது தெரியாமல் உணவு மரப் பட்டியல் போட்டால் ஒரு மரத்தை மூன்றாக எண்ணிவிடுவீர்கள்.

கூடு தொங்கும் மரமே புழு தின்ற மரம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. முதிர்ந்த புழு கூடு கட்ட இடம் தேடி ஊர்ந்து பக்கத்து மரத்துக்கோ வேலிக் கம்பிக்கோ போகும். புழு இலையைக் கடித்துத் தின்பதைப் பார்த்தால் மட்டுமே "உணவு மரம்" என்று எழுதுங்கள். மற்றதெல்லாம் "கூடு இருந்த மரம்". குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுவையுங்கள். மரத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்து, அழுத்தி உலர்த்தி, அதற்கும் எண் கொடுங்கள். பூச்சிக்காரர்கள் மரத்தின் பெயரை வாய்வழியாகக் கேட்டு எழுதிவிடும் பழக்கம் எத்தனையோ தவறான பதிவுகளுக்குக் காரணம்.

படி 3: கூடு

இங்கே அவசரப்படாதீர்கள். இந்தப் பூச்சியைப் பற்றிக் கிடைக்கும் தகவலில் பெரும்பங்கு கூட்டில்தான் இருக்கிறது. பூச்சி சில நாட்கள் வாழ்ந்து செத்துப்போகும். கூடு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கிளையிலேயே இருக்கும். மழைக்காலம் தவறிப் போனவருக்கும் அது கிடைக்கும்.

முதலில் கையுறை, முகக்கவசம், கண்ணாடி. கம்பளிப்புழு தன் உடம்பிலுள்ள சுனை முடிகளைக் கூட்டின் மேற்பரப்பில் செருகி வைத்துவிட்டுத்தான் உறங்கப் போகிறது. அந்தச் சுனை பூச்சி வெளியேறிய பிறகும் வீரியம் குறையாமல் இருக்கும். விரலில் ஏறினால் நாள்கணக்கில் அரிக்கும். கண்ணில் பட்டால் மருத்துவமனைதான்.

இனி கூட்டைக் கூர்ந்து பாருங்கள். கோனோமெட்டாக் கூடு முட்டை வடிவம், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், சில சென்டிமீட்டர் நீளம். நீளவாட்டில் கொப்போடு ஒட்டியிருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்காது. மல்பெரிப் பட்டுக்கூட்டின் மென்மையை எதிர்பார்த்துப் போனவருக்கு இது கொட்டை ஓடாகத் தோன்றும். இழைகளுக்கு இடையே கால்சியம் ஆக்சலேட் படிகங்களைப் புழு பூசிவிடுவதுதான் இந்தக் கடினத்துக்குக் காரணம். பட்டு எடுப்பவர்களுக்குத் தலைவலியும் இதுவே. உங்களுக்கோ இது நல்ல அடையாளம். கூட்டுச் சுவரின் ஒரு துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் படிகங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டைகளைப் படியுங்கள். ஒரு முனையில் பெரிய வட்ட வாயில், விளிம்பில் இழைகள் நனைந்து ஒதுங்கியிருந்தால் பூச்சி முறையாக வெளியேறியிருக்கிறது. பக்கவாட்டில் சிறிய துளைகள் இருந்தால் ஒட்டுண்ணிக் குளவிகள் உள்ளேயிருந்ததைத் தின்றுவிட்டுக் கிளம்பிவிட்டன. கோணல்மாணலாகக் கிழிந்திருந்தால் பறவையோ எலியோ. ஓட்டையே இல்லாத கூட்டைக் காதருகே மெல்ல ஆட்டிப் பாருங்கள். கனமாக, மந்தமாக இடித்தால் உயிருள்ள கூட்டுப்புழு இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த விதைபோல் கலகலத்தால் உள்ளே செத்துக் காய்ந்துவிட்டது.

காலிக் கூட்டையும் தூக்கி எறியாதீர்கள். நுனியைப் பிளேடால் வட்டமாக வெட்டித் திறந்தால் உள்ளே கூட்டுப்புழுவின் உதிர்ந்த ஓடு இருக்கும். அடியில் நசுங்கிக் கிடக்கும் சுருணை, புழு கடைசியாக உரித்த தோல். அதன் தலை ஓடு பெரும்பாலும் முழுதாகவே கிடைக்கும். உதிர்ந்த ஓட்டின் வயிற்றுப்புறத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடலாம். இனப்பெருக்கத் துளையின் கோடு எட்டாவது வளையத்தில் ஓடினால் பெண், ஒன்பதாவது வளையத்தில் சிறு மேடோடு இருந்தால் ஆண். பெண்ணின் கூடு பெரியது, ஆணுடையது சிறியது. ஒரே மரத்தில் இரண்டு அளவில் கூடுகளைப் பார்த்து "இரண்டு இனம்" என்று துள்ளுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அளவுகள்: நீளம், அதிகபட்ச விட்டம், சுவரின் தடிமன், எடை. கொப்பின் திசை, தரையிலிருந்து உயரம். சுனை முடி கூடு முழுவதும் பரவியிருக்கிறதா, கற்றைகளாக நிற்கிறதா. அளவுகோலோடு ஒரு படம், சாம்பல்நிற அட்டையோடு இன்னொரு படம்.

ஏமாற்றுப் பேர்வழிகள் சிலர் உண்டு. முள்மரங்களில் குச்சிகளைச் சுற்றிலும் ஒட்டி வைத்துத் தொங்கும் பை, கூண்டுப்புழுவின் வீடு. நம் ஊர் வேலமரங்களிலும் அதன் உறவுகளைப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான கூடுகள் ஒரே பெரிய பட்டுப் பைக்குள் அடைந்திருந்தால் அது அனாஃபே என்னும் வேறொரு பட்டு அந்துப்பூச்சிப் பேரினம். மேற்கு நைஜீரியாவில் யோருபா நெசவாளர்கள் சன்யான் துணி நெய்தது அதன் இழையில்தான். கென்யாவின் காகமேகா காட்டிலும் அதில் ஓர் இனமான அனாஃபே பாண்டா இருக்கிறது. மோபானி மரத்திலேயே கொத்துக்கொத்தாக மேயும் பெரிய புழுக்களைப் பார்த்தால் அது பெரும்பாலும் மக்கள் உலர்த்திச் சாப்பிடும் மோபானிப் புழு, கோனிம்ப்ராசியா பெலினா. அது பெரும் பட்டுப்பூச்சிக் குடும்பத்தில் பிறந்தும் பட்டுக்கூடு கட்டுவதில்லை. மண்ணுக்குள் புகுந்து உருமாறுகிறது.

கலஹாரிப் பகுதியின் பழங்குடிகளான சான் மக்களின் நடனங்களில் கணுக்காலில் கட்டும் கிலுக்குகளும் கோனோமெட்டாக் கூடுகளால் ஆனவை. உள்ளே சிறு கற்களோ நெருப்புக்கோழி முட்டை ஓட்டுத் துணுக்குகளோ இருக்கும். அருங்காட்சியகங்களில் இவை நிறைய உள்ளன. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பண்டமாற்றில் எங்கிருந்து எங்கே போனதென்று தெரியாத கூட்டை வைத்து ஓர் இனத்தின் பரவலை வரைபடத்தில் குறிப்பது சரியல்ல.

படி 4: பூச்சியை வெளியே வரவழைப்பது

உயிருள்ள கூடுகளைக் காற்றோட்டமான வலைக்கூண்டில் குச்சியோடு தொங்கவிடுங்கள். சிறகு விரிய இடம் வேண்டும். டப்பாவில் அடைத்தால் சுருங்கிய சிறகோடு ஊனமாகப் பிறக்கும். ஒவ்வொரு கூட்டுக்கும் எண் எழுதிய நூல் கட்டுங்கள். எந்தக் கூட்டிலிருந்து எந்தப் பூச்சி வந்தது என்பது கலைந்துவிட்டால் அதுவரை செய்த வேலையில் பாதி வீண். பொறுமையும் வேண்டும். குளிர்கால வறட்சியைக் கூட்டுக்குள்ளேயே கழிக்கும் பூச்சி இது. கூட்டத்தில் சில வெளிவந்த பிறகும் சில மாதக்கணக்கில் உறங்கிக்கொண்டிருக்கும். அவற்றைச் செத்தவை என்று முடிவுகட்டிப் பிளக்காதீர்கள்.

பெண் பூச்சி வெளிவந்தால் அன்று மாலை அதைச் சிறு வலைப்பையில் வைத்து அதே காட்டில் தொங்கவிடுங்கள். அது விடும் மணத்துக்கு ஆண்கள் தேடி வரும். இந்தப் பேரினத்தில் ஆணும் பெண்ணும் வேறு வேறு பூச்சிகளாகவே தெரியும். ஆண் சிறியது, குறுகிய சிறகு, வேகமான பறப்பு. பெண் பெரியது, கனமான வயிறு. இப்படிப்பட்ட குடும்பங்களில் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று வைத்து, பிறகு ஒன்றை ரத்துசெய்த கதைகள் பல. மணத்துக்கு வந்தது நெருங்கிய வேறு இனத்து ஆணாகவும் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வளர்த்த ஆணும் பெண்ணும் கையில் இருந்தால் எவரும் கேள்வி கேட்க முடியாது.

விளக்குப் பொறி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வெள்ளைத் துணி, பாதரச விளக்கு அல்லது புற ஊதா எல்இடி, அமாவாசையை ஒட்டிய இரவுகள். பூச்சி வந்த நேரத்தைக் குறியுங்கள். நெருங்கிய இனங்கள் வெவ்வேறு மணிக்குப் பறப்பதுண்டு. வடக்கு போட்ஸ்வானாவின் மோபானிக் காட்டில் யானைகள் இரவில் மேயும். விளக்கை வண்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், ஒளி வட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 5: குடும்பத்தை உறுதிசெய்வது

"பட்டு அந்துப்பூச்சி" என்பது தொழில் சொல். ஆப்பிரிக்காவில் பட்டு கொடுப்பவை குறைந்தது மூன்று குடும்பங்கள்: சட்டர்னிடே (மேலே சொன்ன பெரும் பட்டுப்பூச்சிக் குடும்பம்), லாசியோகாம்பிடே, நோட்டோடோன்டிடே. பிரித்துப் பார்க்கக் கைலென்ஸ் போதும்.

பின்சிறகின் அடியில் முன்சிறகோடு கோர்க்கும் முள் போன்ற மயிர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சட்டர்னிடேயும் லாசியோகாம்பிடேயும் இல்லை; அனாஃபே இருக்கும் நோட்டோடோன்டிடே பக்கம் போகலாம். முள் இல்லாமல், சிறகின் நடுவில் கண்போன்ற புள்ளியோ கண்ணாடிச் சாளரமோ இருந்து, ஆணின் உணர்கொம்பு அகன்ற இறகாக விரிந்திருந்தால் பெரும்பாலும் சட்டர்னிடே. ஆப்பிரிக்க நிலவு அந்துப்பூச்சி ஆர்கெமா மிமோசே இதில் அடங்கும். முள் இல்லை, கண்புள்ளி இல்லை, உடம்பு முழுக்க அடர்ந்த மயிர், பின்சிறகின் தோள்பகுதி புடைத்து அதில் குட்டையான கூடுதல் நரம்புகள் என்றால் லாசியோகாம்பிடே. கோனோமெட்டா இங்கே வருகிறது. மடகாஸ்கரில் தாப்பியா மரத்தில் வளர்ந்து, இறந்தோரைப் போர்த்தும் துணிக்கு இழை தரும் போரோசெராவும் இதே குடும்பம்தான்.

நரம்புகள் தெரியவில்லையென்றால் சிறகின் அடிப்பக்கத்தில் ஒரு துளி ஆல்கஹால் விடுங்கள். செதில்கள் நனைந்து சில நொடிகளுக்கு நரம்பு துலங்கும். காய்ந்ததும் பழையபடி ஆகிவிடும்.

படி 6: ஊசியும் லேபிளும்

விரிப்புப் பலகையில் முன்சிறகின் கீழ்விளிம்பு உடம்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி விரித்து, நன்றாக உலரவிடுங்கள். விரிப்பதற்கு முன்பே ஒரு காலைப் பிடுங்கி அடர்ந்த எத்தனாலில் போட்டுவிடுங்கள். மரபணுச் சோதனைக்கு அது போதும். கோனோமெட்டா போன்ற கொழுத்த பூச்சிகள் சில மாதங்களில் எண்ணெய் கசிந்து கறுத்துப்போகும். அசிட்டோனில் ஊறவைத்துக் கொழுப்பு நீக்கினால் நிறம் ஓரளவு திரும்பும். பழைய மாதிரிகளின் நிறத்தை நம்பி ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேபிள் இல்லாத மாதிரி வெறும் செத்த பூச்சி. அதில் இருக்க வேண்டியது இப்படி (இடமும் நாளும் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை):

போட்ஸ்வானா, வடகிழக்கு மாவட்டம், பிரான்சிஸ்டவுனுக்கு வடக்கே 20 கி.மீ.; 20.99° தெற்கு, 27.51° கிழக்கு; சுமார் 1,000 மீ.; மோபானிக் கொப்பில் கூடு, தரையிலிருந்து 2 மீ.; எடுத்தது 14 ஜூலை 2024, பூச்சி வெளிவந்தது 3 அக்டோபர் 2024; சேகரித்தவர் பெயர்; கூடு எண்.

மாதத்தை எண்ணால் எழுதாதீர்கள். 3/10 என்றால் ஒரு நாட்டில் அக்டோபர், இன்னொன்றில் மார்ச். "கோனோமெட்டா ருஃபோபுருனியா" என்ற பெயர் இந்த லேபிளில் வரக்கூடாது. அதற்குத் தனி லேபிள், பெயரிட்டவர் யார், எந்த ஆண்டு என்ற விவரத்தோடு. கருத்து மாறலாம்; இடமும் நாளும் மாறாது.

படி 7: வயிற்று நுனி

நெருங்கிய இனங்களைப் பிரிப்பதில் கடைசிச் சொல் பெரும்பாலும் பிறப்புறுப்பின் அமைப்புக்கே. வயிற்றை மெல்ல மேல்நோக்கி அழுத்தினால் உலர்ந்த மாதிரியில் அது கழன்று வரும். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, வெந்நீர்ச் சட்டியில் வைத்துச் சூடாக்குங்கள். அல்லது இரவு முழுவதும் அறை வெப்பத்தில் விடுங்கள். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். சூட்டில் ஒரு நிமிடம் கவனம் பிசகினால் மெல்லிய உறைகள் கரைந்துபோகும். தசையும் கொழுப்பும் இளகியதும் தண்ணீரில் மாற்றி, மென்தூரிகையால் செதில்களைத் தள்ளி, இரண்டு நுண்ணூசிகளால் உறுப்பைப் பிரித்தெடுங்கள். கறுப்புச் சாயம் ஒரு துளி சேர்த்தால் சவ்வுப் பகுதிகள் தெளிவாகும்.

ஆணில் பற்றும் மடல்கள், ஆண்குறி உறை, அதற்குள்ளிருக்கும் பையின் முட்கள் ஆகியவற்றைப் பாருங்கள். லாசியோகாம்பிடேயில் எட்டாவது வயிற்றுத் தகட்டின் பின்விளிம்பும் இனத்துக்கு இனம் மாறும். அதை வயிற்றுத் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவது தொடக்கநிலையினர் வழக்கம். பெண்ணில் விந்துப் பையும் அதன் குழாயும் முக்கியம். ஒரே ஓர் ஆணை அறுத்து முடிவு சொல்லாதீர்கள். ஒரே இடத்து ஆண்களில் சிலவற்றையும் தூரத்து இடத்து ஆண்களில் சிலவற்றையும் பார்த்தால்தான், நீங்கள் கண்ட வேறுபாடு இனத்துக்குரியதா அல்லது ஆளுக்கு ஆள் மாறுவதா என்று தெரியும்.

அறுத்த உறுப்பைக் கிளிசரின் குப்பியில் போட்டு அதே ஊசியில் குத்திவையுங்கள். கண்ணாடிச் சில்லில் ஒட்டினால் படம் எடுக்க வசதி, ஆனால் திருப்பிப் பார்க்க முடியாது. எப்படியானாலும் பூச்சிக்கும் உறுப்புக்கும் ஒரே எண்.

படி 8: மரபணுப் பட்டைக் குறி

2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகக் குழு முன்வைத்த முறை இது. மைட்டோகாண்டிரியாவின் சிஓஐ மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் படித்து, இத்தகைய பட்டைக் குறிகளைச் சேர்த்துவைக்கும் போல்டு தரவுத்தளத்தில் ஒப்பிடுவது. 2 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு என்றால் வேறு இனமாக இருக்கலாம் என்பது பலரும் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. "இருக்கலாம்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தாய்வழி மட்டுமே வரும் மரபணு இது. இரண்டு இனங்கள் எப்போதோ கலந்திருந்தாலோ, உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா நுண்ணுயிர் குறுக்கிட்டாலோ பட்டைக் குறி தவறான கதை சொல்லும். தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கும் பெயரும் யாரோ ஒருவர் வைத்ததுதான். அந்த மாதிரியின் படத்தைத் திறந்து பார்க்காமல் ஏற்காதீர்கள்.

மரமும் கூடும், பிறப்புறுப்பும், மரபணுவும் ஒரே பக்கம் காட்டினால் அடையாளம் உறுதி. முரண்பட்டால் அங்கேதான் ஆய்வு தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக, மோபானியே இல்லாத காட்டில் ருஃபோபுருனியாவின் உறுப்பமைப்போடு ஓர் ஆண் விளக்குக்கு வந்தால், முதலில் லேபிள் மாறிவிட்டதா என்று பாருங்கள். பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் தப்பிப் பிழைத்த மோபானித் தோப்பு எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். புது இனம் என்ற எண்ணம் மூன்றாவதாக வரட்டும்.

படி 9: பழைய பெயர்களைத் தோண்டுவது

விலங்குகளின் பெயர்க்கணக்கு லின்னேயஸ் எழுதிய சிஸ்டமா நேச்சுரே நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. அன்று முதல் நீங்கள் பார்க்கும் பூச்சிக்கு யாராவது பெயர் வைத்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். கோனோமெட்டா பேரினத்தையும் போஸ்டிகா இனத்தையும் 1855இல் வெளியிட்டவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலைபார்த்த பிரான்சிஸ் வாக்கர். ருஃபோபுருனியாவுக்குப் பெயரிட்டவர் சுவீடனின் கிறிஸ்டோஃபர் அவுரிவில்லியஸ். வாக்கர் ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்குப் பெயரிட்ட அசுர உழைப்பாளி. விவரிப்புகள் பல நாலைந்து வரிதான். அந்த வரிகள் உங்கள் பூச்சிக்கும் பொருந்தும், பக்கத்து வீட்டுப் பூச்சிக்கும் பொருந்தும். வகைமாதிரியை, அதாவது பெயரைத் தாங்கி நிற்கும் அந்தத் தனி மாதிரியைப் பார்த்தே தீர வேண்டும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், ஸ்டாக்ஹோம், பெல்ஜியத்தின் டெர்வூரன், பிரிட்டோரியா ஆகிய இடங்களின் சேகரிப்புகளுக்கு எழுதிக் கேளுங்கள், படம் அனுப்புவார்கள். ஆஃப்ரோமாத்ஸ் என்னும் இணையப் பட்டியல் ஆப்பிரிக்க அந்துப்பூச்சிகளின் பெயர்களையும் முதல் வெளியீடுகளையும் ஒரே இடத்தில் தருகிறது. அங்கிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

செல்லாத பெயர் என்று ஒதுக்கப்பட்டவற்றையும் விடாதீர்கள். உங்கள் புது இனத்துக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் பெயர் வைத்து, இன்னொருவர் அதை வேறொன்றோடு சேர்த்து மூடியிருக்கலாம். அப்படியானால் பழைய பெயரை மீட்டெடுப்பதுதான் உங்கள் வேலை.

படி 10: எழுதுவது

இத்தனைக்கும் பிறகு பெயரில்லாத இனம் என்று உறுதியானால், சர்வதேச விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையிலிருப்பது அதன் நான்காம் பதிப்பு. கட்டாயமானவை சில: புதிய இனம் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், முதன்மை வகைமாதிரி இது என்று சுட்ட வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது என்று சொல்ல வேண்டும், பிற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைச் சொற்களால் கூற வேண்டும். படம் மட்டும் போட்டால் பெயர் செல்லாது. பெயர் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். விவரிப்பு எந்த மொழியிலும் இருக்கலாம். உலகெங்கும் படிக்கப்படும் மொழியில் ஒரு வேறுபாட்டுக் குறிப்பாவது தருமாறு விதித்தொகுப்பு பரிந்துரைக்கிறது. இணையத்தில் மட்டும் வெளியிடுவதற்கு 2012 முதல் அனுமதி உண்டு. ஆனால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு முன்கூட்டியே முடிந்து, அதன் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

வேறுபாட்டுக் குறிப்பும் விவரிப்பும் ஒன்றல்ல. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். விவரிப்பு பூச்சியைத் தலைமுதல் வால்வரை சொல்வது. வேறுபாட்டுக் குறிப்பு நாலைந்து வாக்கியம்: மிக நெருங்கிய இனத்தின் பெயரைச் சொல்லி, எந்த உறுப்பில், எப்படி மாறுபடுகிறது என்று காட்டுவது. என் கணக்கில் கட்டுரையின் உயிர் இந்தச் சில வாக்கியங்கள்தான். தொலைதூர அருங்காட்சியகத்தில் உங்களை அறியாத ஒருவர் கையிலிருக்கும் பூச்சியைப் பார்த்து "இது அது இல்லை" என்று தைரியமாகச் சொல்ல முடிந்தால் நீங்கள் எழுதியது சரி.

"போஸ்டிகாவைவிடப் பெரியது, சற்றுச் சிவந்தது" என்பது பயனற்ற வாக்கியம். எவ்வளவு பெரியது, எத்தனை மாதிரிகளில், எந்தப் பாலில்? "ஆணின் பற்றும் மடல் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, போஸ்டிகாவில் பிரியாமல் மழுங்கியிருக்கிறது" என்பது போல எழுதுங்கள் (இது வாக்கிய அமைப்புக்கான மாதிரி மட்டுமே, இந்த இனங்களின் உண்மை அமைப்பு அல்ல). இரு இனத்தையும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே நிறுத்துங்கள்.

அளவு கொடுக்கும்போது சிறகுவிரிவைவிட முன்சிறகின் நீளத்தைக் கொடுங்கள். விரிவு, விரித்தவர் கைப்பக்குவத்தைப் பொறுத்து மாறும். அடியிலிருந்து நுனிவரையான நீளம் மாறாது. ஆண், பெண் தனித்தனியாக, குறைந்தபட்சம், அதிகபட்சம், எத்தனை மாதிரி என்பதோடு. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், புதிதாக வெளிவந்த பூச்சியில் பார்த்து எழுதுங்கள். பழைய மாதிரியில் பார்த்ததென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். புழு, கூடு, உணவு மரம் எல்லாவற்றையும் "வாழ்க்கை வரலாறு" என்று கடைசிப் பத்தியில் ஒதுக்கிவிடாமல், வேறுபாட்டுக் குறிப்பிலேயே கொண்டுவாருங்கள். பட்டு அந்துப்பூச்சிகளில் கூடு அந்த இடத்துக்குத் தகுதியானது.

பெயர் வைப்பதில் கட்டுப்பாடு தேவை. சொந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று எழுதப்பட்ட தடை இல்லை. ஆனால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் செய்வதில்லை, செய்தால் ஆயுள் முழுக்கச் சிரிப்பார்கள். இடத்தின் பெயர், மரத்தின் பெயர், உள்ளூர் மக்கள் வழங்கும் பெயர் எல்லாம் நல்லவை. மக்கள் வழங்கும் பெயரென்றால் அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முதன்மை வகைமாதிரி அந்தப் பூச்சி பிறந்த நாட்டிலேயே இருக்கட்டும். காபரோனிலோ விண்ட்ஹூக்கிலோ பிரிட்டோரியாவிலோ உள்ள தேசிய அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளும். துணை வகைமாதிரிகளை இரண்டு மூன்று இடங்களுக்குப் பிரித்து அனுப்புங்கள். ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் வண்டு அரித்தாலும் மற்றது மிஞ்சும். வகைமாதிரி வெளிவந்த கூடும் அதே எண்ணோடு கூடவே போக வேண்டும். கூட்டை, மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் அடைத்து, "சுனை உண்டு, வெறும் கையால் தொட வேண்டாம்" என்று குப்பியின் மேலும் வெளிப்பெட்டியின் மேலும் எழுதி ஒட்டுங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கப்போகும் உதவியாளர் உங்கள் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை.